நோட்டுத் தாளில் ஓடிய தொழிற்சாலை

ஓர் அமைப்பின் பகுதிகள் ஒன்றையொன்று பாதித்துக் காலப்போக்கில் எப்படி மாறுகின்றன என்று ஆராயும் அமைப்பு இயங்கியல் என்ற துறைக்கு வித்திட்டது ஒரு தொழிற்சாலையின் ஆள்கணக்கு. அமெரிக்காவின் கென்டக்கியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் வீட்டுச் சாதன ஆலை சில ஆண்டுகள் இரவு பகலாக ஓடும். பிறகு பாதிப் பேருக்கு வேலை போகும். சந்தையின் ஏற்ற இறக்கம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1956இல் எம்.ஐ.டி.யின் மேலாண்மைப் பள்ளிக்கு மாறிய கணினிப் பொறியாளர் ஜே ஃபாரஸ்டர் அதை அப்படியே ஏற்கவில்லை. நோட்டுத் தாளில் பத்திகள் பிரித்து, சரக்கிருப்பு, ஆட்கள், ஆர்டர்கள் என்று தலைப்பிட்டு, வாரம் வாரமாகப் பென்சிலால் கணக்குப் போட்டார். ஆர்டர் மாறாமல் வந்தாலும் ஆள் எண்ணிக்கை ஏறி இறங்கியது. கோளாறு வெளியே இல்லை. ஆலையின் சொந்த விதிகளிலேயே இருந்தது.

1961இல் இம்முறை நூலானது. பல துறையினரை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது அடுத்த கட்டம். பாஸ்டன் மேயர் பதவியை 1968இல் முடித்த ஜான் காலின்ஸ் எம்.ஐ.டி.க்குப் பேராசிரியராக வந்து ஃபாரஸ்டரின் பக்கத்து அறையில் அமர்ந்தார். நகர நிர்வாகம் அறிந்தவர்களோடு வாராவாரம் பேசி உருவான நகர மாதிரி 1969இல் வெளியானது. மலிவு வீடுகளை மேலும் கட்டுவது நகரத்தின் நலிவைக் கூட்டும் என்ற அதன் முடிவு பலரைக் கொதிக்க வைத்தது; அந்தக் கோபம் முழுக்க நியாயமற்றதும் அல்ல, ஏனெனில் மாதிரி சுற்றுப்புறப் பகுதிகளைக் கணக்கில் கொள்ளவில்லை. 1970இல் ரோம் மன்றம் என்ற சர்வதேசச் சிந்தனையாளர் அமைப்பின் கூட்டத்துக்குப் பின், திரும்பும் விமானத்திலேயே ஃபாரஸ்டர் உலக மாதிரியை வரையத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததே 1972இன் ‘வளர்ச்சியின் எல்லைகள்’ அறிக்கை.