கூடாரம் அடித்தவர்களும் குடியிருந்தவர்களும்: திண்டுக்கல் சமவெளியில் குறுகியகால ஊழியப் பயணங்களின் வரலாறு

1834ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லெவி ஸ்பால்டிங் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து மதுரைச் சீமைக்கு வந்தார். குடியேற வரவில்லை; பார்த்துப் போக வந்தார். உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியை நெடுங்காலம் நடத்திய அமெரிக்க மிஷனெரி அவர். அவர் திரும்பிப் போய்ச் சொன்ன சேதியை நம்பி அதே ஆண்டு ஜூலையில் ஹாய்சிங்டன், டாட் என்ற இருவர் மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள். மறு ஆண்டே, 1835இல், திண்டுக்கல்லில் அமெரிக்கன் மிஷனின் நிலையம் தொடங்கிவிட்டது. அந்த மிஷன் திண்டுக்கல்லுக்கு வந்த கதை, ஆக, ஒரு குறுகியகாலப் பயணத்தில் ஆரம்பிக்கிறது.

இன்று 'மிஷன் ட்ரிப்' என்று சொல்லப்படுவது வேறு வகை. வெளிநாட்டுச் சபை ஒன்றிலிருந்து பத்துப் பதினைந்து பேர் விமானத்தில் வந்து, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கிராமங்களைச் சுற்றி, பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லி, மருத்துவ முகாம் நடத்திவிட்டுத் திரும்புவது. இதை வரவேற்பவர்களும் உண்டு, மதமாற்ற வலை என்று வெறுப்பவர்களும் உண்டு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. சில நாள் வந்து போகும் இந்தப் பழக்கம் திண்டுக்கல் சமவெளியில் எப்படி உருவாயிற்று, எவ்வெப்போது உருமாறிற்று என்பதே இங்கே கேள்வி. பயணத்துக்குப் பிடிக்கும் காலம் குறையக் குறைய, வந்தவர் தங்கும் காலமும் குறைந்தது. தங்கியவர் குறைந்தாலும், ஊரில் நிலைத்தது எந்தக் காலத்திலும் ஊரிலேயே இருந்தவரின் உழைப்புத்தான். என் வாதம் இவ்வளவே.

அனுமதியும் கப்பலும்

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனிக்கு மிஷனெரிகள்மேல் பெரிய பிரியம் கிடையாது. வியாபாரத்துக்கு இடைஞ்சல் வரும் என்ற பயம். 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்துக்குப் பிறகும் மிஷனெரி உரிமம் பெற்றே உள்ளே வர முடிந்தது. 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் அந்தக் கட்டைத் தளர்த்தியது. யாழ்ப்பாணத்தில் 1816 முதல் பணியாற்றிவந்த அமெரிக்கர்கள் 1834இல் அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்ததன் பின்னணி இது. ஊழியப் பயணத்தின் வரலாற்றை எழுதுபவர் வேதாகமத்தோடு அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தக் கதை முடியும்வரை அந்தச் சீட்டு கூடவே வரும்.

பாஸ்டனில் பாய்மரக் கப்பல் ஏறினால் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியா வந்து சேர நான்கைந்து மாதம். அப்படி வந்தவர் பத்து நாளில் திரும்பும் பேச்சே எழவில்லை. திரும்பாமலே போனவர்கள் பலர். காலராவும் காய்ச்சலும் முதல் பத்தாண்டிலேயே மிஷன் குடும்பங்களை வாரிக்கொண்டு போயின. 1845இல் கொடைக்கானலில் அமெரிக்கர்கள் முதன்முதலாக வீடு கட்டிக்கொண்டது அந்தச் சாவுகளுக்கு அஞ்சித்தான்.

கூடாரம்

நிலையத்தில் நிரந்தரமாகத் தங்கிய மிஷனெரியும் கிராமத்தைப் பொறுத்தவரை விருந்தாளிதான். திண்டுக்கல், வத்தலக்குண்டு, பழனி, பெரியகுளம் என்று நிலையங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. சுற்றுக் கிராமங்களோ நூற்றுக்கணக்கானவை. அதற்குக் கண்ட வழி கூடார ஊழியம். மழை ஓய்ந்த குளிர்மாதங்களில் மாட்டுவண்டியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு போய் ஒரு தோப்பில் அடிப்பார்கள். உபதேசியார்கள் ஆளுக்கொரு திசையாகச் சுற்றுப்பட்டிகளுக்குப் போவார்கள். புகையிலைக் கொல்லைக்கும் கமலைக் கிணற்றுக்கும் ஆட்கள் போகுமுன் காலையில் ஒரு சுற்று, அவர்கள் வீடு திரும்பிய பின் மாலையில் ஒரு சுற்று. சில நாள் கழித்துக் கூடாரத்தைப் பிரித்து அடுத்த தோப்புக்கு நகர்வார்கள். வடிவத்தில் இது இன்றைய குறுகியகாலப் பயணமேதான்.

ஆனால் கையில் கொண்டுபோன சரக்கு வேறு. திண்டுக்கல்லில் இருந்த எட்வர்டு வெப், அமெரிக்க ராகத்தில் பாடிய ஞானப்பாட்டுகள் கிராமத்தார் காதில் ஏறவில்லை என்று கண்டுகொண்டவர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் முதலானவற்றைத் தொகுத்து 1853இல் அச்சிட்டார். தமிழ்ச் சபைகளில் இன்று எல்லாரும் 'கீர்த்தனை' என்று எடுத்துப் பாடும் மரபுக்கு அந்தத் தொகுப்பு ஓர் அடித்தளம். பத்து நாளில் திரும்புகிறவருக்கு இந்த ஞானம் வாய்க்காது. கேட்பவர் முகம் சுளிப்பதைப் பல வருடம் பார்த்தவருக்கே வாய்க்கும்.

இன்னொருவர் எட்வர்டு செஸ்டர். 1859இல் வந்தவர், 1902இல் இறக்கும்வரை மிஷனோடு இருந்தார். திண்டுக்கல்லில் அவர் நடத்திய மருந்தகம் 1876–78 தாதுவருஷப் பஞ்சத்தையும் கண்டது. நாற்பது ஆண்டுக்குமேல் ஒரே வட்டாரத்தில் மருந்து கொடுத்தவரையும், ஒருநாள் முகாமில் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போகிறவரையும் 'மருத்துவ ஊழியம்' என்ற ஒரே பெயரில் அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநியாயம் என்பேன்.

உபதேசியார்

கூடாரம் போன பிறகு ஊரில் யார் இருந்தார்? உபதேசியார் இருந்தார். புராட்டஸ்டண்டாரின் கண்டுபிடிப்பல்ல இது. கத்தோலிக்கரின் மதுரை மிஷனில் இருந்த பழைய இயேசுசபைக் குருக்கள் ஒரு கிராமத்துக்கு வருஷத்தில் ஓரிரு முறைதான் வர முடிந்தது. ஜெபம் சொல்லிக்கொடுப்பது, பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பிப்பது, சாகக் கிடப்பவர் அருகில் அமர்வது எல்லாம் உபதேசியார் கையில். வீரமாமுனிவர் என்ற பெஸ்கி 1727இல் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' இவர்களுக்காகவே எழுதப்பட்ட நூல். தேம்பாவணியைப் புகழ்கிற அளவுக்கு இந்த உரைநடை நூலை நாம் புகழ்வதில்லை. ஊழியத்தின் பாரம் யார் தோளில் கிடந்தது என்பதை அந்த முனிவர் எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவர் பெயரில் பெஸ்கி கல்லூரி என்ற இயேசுசபைப் பயிற்சி இல்லம் இன்று திண்டுக்கல்லில் இருக்கிறது.

அமெரிக்கர்களும் உபதேசியாரை நம்பியே வேலை செய்தார்கள். 1842இல் திருமங்கலத்தில் தொடங்கி 1845இல் பசுமலைக்கு மாறிய பாடசாலை இவர்களை உருவாக்கிற்று. 1847இல் மிஷன் ஒரு சோதனை வைத்தது: எந்தச் சாதிக் கிறித்தவரோடும் உட்கார்ந்து உண்ணாதவர் மிஷன் வேலையில் நீடிக்கலாகாது. உபதேசியார்கள் பலர் விலகினார்கள். பசுமலை மாணவர்களும் வெளியேறினார்கள். ஊரில் குடியிருப்பவன் சாதியோடுதான் குடியிருந்தாக வேண்டும். வந்து போகிறவர் மாலைக்குள் கூடாரத்துக்குத் திரும்பிவிடலாம். மிஷன் எடுத்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். அதன் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆவணங்களில் இவர்களின் இடம் வருத்தம் தருவது. மிஷனின் தலைமையகம் இருந்த பாஸ்டனுக்குப் போன அறிக்கைகளில் மிஷனெரியின் பெயர், அவர் மனைவியின் பெயர், அதன் கீழே சுதேச உதவியாளர்கள் இத்தனை பேர் என்ற எண்ணிக்கை. பெயர் பதிவான இடத்திலும் சிக்கல் உண்டு. யாழ்ப்பாண மிஷன் விடுதிப் பள்ளிகளில் படித்த மாணவனுக்கு அமெரிக்க நன்கொடையாளர் ஒருவரின் பெயரைச் சூட்டுவது வழக்கம். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை போன்ற இரட்டைப் பெயர்கள் அப்படி வந்தவை. 1834இல் ஹாய்சிங்டனோடும் டாடோடும் அந்த யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று தமிழர்கள் துணைக்கு வந்தார்கள். அமெரிக்கன் மதுரை மிஷனைத் தொடங்கியவர் யார் என்று கேட்டால் புத்தகங்கள் இரண்டு பெயரைச் சொல்கின்றன. கணக்குப்படி ஐந்து பேர்.

இரயிலுக்குப் பின்

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் திருச்சி–மதுரை இரயில் திண்டுக்கல்லைத் தொட்டது. மாதங்கள் வாரங்களாகவும், வாரங்கள் நாட்களாகவும் சுருங்கின. மிஷனெரிகள் விடுப்பில் ஊருக்குப் போய் வருவதும் எளிதாயிற்று.

அதைவிட முக்கியமான மாற்றம் இங்கிருந்தவர்களிடம் நிகழ்ந்தது. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. 1905இல் தேசிய மிஷனெரி சங்கம். 1908இல் பல மிஷன்களின் சபைகள் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. முதல் உலகப்போர்க் காலத்தில் அந்தச் சபை ஊர் ஊராக நற்செய்தி இயக்கம் நடத்தியபோது, முன்நின்றவர்களில் ஒருவர் கதாகாலட்சேப முறையில் வல்லவரான ஈரோட்டு ஹெர்பர்ட் பாப்லி. சாதாரணச் சபையார், வாத்தியார்கள், கடைக்காரர்கள் வாரக்கடைசியில் பக்கத்துக் கிராமத்துக்குப் போய்ப் பாடி வரும் பழக்கம் வேர்விட்டது. குறுகியகாலப் பயணம் இங்கே தமிழர் கைக்கு மாறுகிறது. வெள்ளைக்காரர்களையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வாளர்கள் இந்தக் கைமாற்றத்தைப் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்.

இதே பழக்கத்திலிருந்து பின்னால் ஒரு கிளை பிரிந்தது. கோடை விடுமுறையில் கிராமப் பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டும் கதையும் சொல்லும் விடுமுறை வேதாகமப் பள்ளி இளைஞர்களின் ஜெபக்குழுக்களிலிருந்து 1959இல் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு உருவாயிற்று. அதன் ஊழியர்கள் பிறகு வட இந்தியக் கிராமங்களுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தார்கள். பத்து நாள் பயணத்திலிருந்து ஆயுள் பயணம் பிறந்ததற்கு நான் அறிந்த நல்ல சான்று இதுதான். என் வாதத்துக்கு எதிராக நிற்கும் சான்றும் இதுதான். அதனால்தான் மறைக்காமல் சொல்கிறேன்.

கெய்த்தான்

அனுமதிச் சீட்டுக்குத் திரும்புவோம். ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் 1925இல் அமெரிக்கன் மதுரை மிஷனுக்கு வந்தார். அக்காலத்தில் பிரிட்டிஷார் அல்லாத மிஷனெரிகள் அரசியலில் தலையிடமாட்டோம் என்ற உறுதிக்குக் கட்டுப்பட்டவர்கள். கெய்த்தானுக்குக் காந்திமேல் பற்று. வைஸ்ராய்க்குக் காந்தியின் கடிதத்தைக் கொண்டுபோன ஆங்கிலேயர் ரெஜினால்டு ரெனால்ட்ஸை 1930இல் தம் வீட்டில் தங்கவைத்தார். நாட்டைவிட்டுப் போகும்படி ஆயிற்று. திரும்பி வந்தார். 1944இல் மறுபடியும் வெளியேற்றினார்கள். விடுதலைக்குப் பின் மறுபடியும் வந்தார். சௌந்தரம் அம்மாவும் கோ. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டி அருகே தொடங்கிய காந்திகிராமத்தோடு இணைந்தார். சர்வோதயத் தலைவர் ச. ஜெகந்நாதனுக்கு இளமையில் வழிகாட்டியாக இருந்தவர் இவரே. விநோபாவின் பூமிதான நடைப்பயணக் காலத்தில் நிலமற்றவர்களின் பக்கம் நின்றார். மிஷனெரியாக வந்தவர் ஊழியம் என்ற சொல்லின் பொருளையே தம் வாழ்க்கையில் மாற்றிக்கொண்டார். தங்கியிருந்தால்தான் இப்படி மாற முடியும். வந்து போகிறவர் ஊரை மாற்றத்தான் நினைக்கிறார். ஊர் அவரை மாற்றுவதற்கு அவகாசம் தருவதில்லை.

1955இல் ஒட்டன்சத்திரத்தில் மருத்துவர் ஏ. கே. தரியன் முதலானோர் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும் இந்தத் தங்கும் மரபைச் சேர்ந்தது. கேரளத்திலிருந்து வந்தவர்கள் காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊரில் வேர்விட்டார்கள்.

விசா

1957இல் ஜார்ஜ் வெர்வர் நண்பர்களோடு மெக்சிகோவுக்குப் போன பயணமும், 1960இல் லோரன் கன்னிங்ஹாம் தொடங்கிய இளைஞர் இயக்கமும் குறுகியகாலப் பயணத்தை உலகளாவிய அமைப்பாக்கின. ஜெட் விமானம் மிச்ச வேலையைச் செய்தது. ஆனால் அனுமதிச் சீட்டு இன்னும் கூடவே வருகிறது: இந்திய அரசின் விதிப்படி மிஷனெரி விசா தனி வகை. சுற்றுலா விசாவில் வந்தவர் வழிபாட்டில் கலந்துகொள்ளலாம். பிரசங்கம் செய்யவோ, சமயக் கைப்பிரதி கொடுக்கவோ கூடாது. வெளிநாட்டுப் பணத்தை 1976 முதல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் கண்காணிக்கிறது. 2010இலும் 2020இலும் அது இறுகியது. தமிழ்நாட்டில் 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004இல் அதே அரசு அதைக் கைவிட்டது. சுற்றுலா விசாவில் வந்து மேடை ஏறுகிறவர் விதியை மீறுகிறார். பின்விளைவு வரும்போது அவர் விமானத்தில் இருப்பார். பதில் சொல்லவேண்டியவர் உள்ளூர் போதகர்.

அந்தப் போதகர்தான் மொழிபெயர்க்கிறவர், யார் வீட்டுக்கு எந்நேரம் போகலாம் என்று அறிந்தவர், முகாமில் சர்க்கரை கூடியிருந்த கிழவியை அடுத்த மாதம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போகிறவர். பழைய உபதேசியாரின் பேரன் என்றே சொல்லலாம். பயணக்குழுவின் நிழற்படங்களில் அவர் பெரும்பாலும் ஓரத்தில் நிற்கிறார்.

வெளியிலிருந்து வந்த சமயம் இந்த மண்ணில் எப்படி ஊன்றியது என்று பார்க்க விரும்புகிறவர் திண்டுக்கல் முத்தழகுபட்டியின் செபஸ்தியார் திருவிழாவுக்கு ஆகஸ்டில் போகலாம். நேர்ந்துவிட்ட ஆடும் கோழியும் ஆயிரக்கணக்கானவருக்குச் சோறாகிப் பரிமாறப்படும். பந்தியில் உட்கார்ந்தவரை எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பயணக்குழுவும் திட்டமிட்டு உண்டாக்கிய விழா இல்லை அது.

மிஷனெரிகளின் கடிதங்கள் அமெரிக்க நூலகங்களில் பத்திரமாக உள்ளன. உபதேசியார்களின் பெயர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் கல்யாணப் பதிவேடுகளிலும் கல்லறைக் கற்களிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. திண்டுக்கல், வத்தலக்குண்டு, ந. பஞ்சம்பட்டி, அ. வெள்ளோடு பகுதிகளில் பழைய வேதக்கோயில்களுக்குப் பொறுப்பானவர்களும், அங்கே படிக்கும் வரலாற்று மாணவர்களும், கரையான் முந்திக்கொள்ளுமுன் அவற்றைப் படியெடுத்து வைக்க வேண்டும்.