தெருவை வென்ற திருவிழா

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிய அது எழுப்பிய கட்டடங்களை மட்டும் நோக்கினால் போதாது. அது நடந்த தெருக்களையும் நோக்குதல் வேண்டும். பொதுத் தெருவில் நடக்கும் எளிய உரிமைக்கே நம் முன்னோர் போராட வேண்டியிருந்தது. பொதுச் சாலைகளும் கிணறுகளும் ஒடுக்கப்பட்டோர்க்கும் உரியவை என 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அதே ஆண்டில்தான் வைக்கத்திலும் தெருவுரிமைப் போராட்டம் தொடங்கிற்று. ஆதலின், நிறத்தால் ஒதுக்கப்பட்ட மக்கள் இலண்டன் மாநகரின் தெருக்களைத் திருவிழாவினாலேயே தமதாக்கிக்கொண்ட வரலாறு நமக்கு அயலார் கதையன்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், கரீபியத் தீவுகளிலிருந்து பிழைப்பு நாடிப் பலர் இங்கிலாந்துக்குச் சென்றனர். 1948ஆம் ஆண்டு சூன் திங்களில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பல் வந்தது அதன் அடையாளமாக நினைக்கப்படுகிறது. அவர்களுடைய உழைப்பை விரும்பிய நாடு, அவர்களை அண்டை வீட்டாராக ஏற்க விரும்பவில்லை. வீடு வாடகைக்குக் கிடைப்பதே அரிதாயிற்று. இலண்டனின் மேற்குப் பகுதியான நாட்டிங் ஹில்லில், இடிந்து விழும் நிலையிலிருந்த வீடுகளில் அதிக வாடகை கொடுத்து வாழ்ந்தனர். 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் வெள்ளை இளைஞர் கூட்டங்கள் அவர்களைத் தெருத்தெருவாகத் தேடித் தாக்கின.

இந்தக் காயத்திற்கு மருந்து தேடியவர்களுள் முதன்மையானவர் கிளாடியா ஜோன்ஸ் அம்மையார். டிரினிடாடில் பிறந்து, அமெரிக்காவில் பொதுவுடைமைப் பணிக்காகச் சிறைப்பட்டு, நாடு கடத்தப்பட்டு இலண்டன் வந்தவர். கரீபிய மக்களுக்கென ஓர் இதழை நடத்தியவர். 1959 சனவரி 30 அன்று செயின்ட் பாங்க்ராஸ் நகர மன்றத்தில் அவர் கரீபியத் திருவிழா ஒன்றை நடத்தினார். வருவாயின் ஒரு பகுதி, கலவர வழக்குகளில் சிக்கிய இளைஞர்களின் அபராதத்தைக் கட்ட உதவும் என விழா மலரிலேயே அறிவித்தார். அவ்வாண்டு மே திங்களில் கெல்சோ காக்ரேன் என்ற தச்சுத் தொழிலாளி நாட்டிங் ஹில் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அவருடைய இறுதி ஊர்வலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நடந்தனர்.

அரங்கிலிருந்த விழா தெருவுக்கு வந்தது 1966இல். ரோன் லாஸ்லெட் என்னும் சமூக ஊழியர், அப்பகுதியில் வாழ்ந்த பல இனத்தாரையும் இணைக்கும் நோக்குடன் அண்டை அயலாரைக் கொண்டே சிறு விழா ஒன்றை ஏற்பாடு செய்தார். அதில் வாசிக்க வந்த ரஸ்ஸல் ஹெண்டர்சன் குழுவினர், எஃகுத் தட்டுகளைக் கழுத்தில் தொங்கவிட்டு வாசித்தவாறே தெருவில் நடக்கத் தொடங்கினர். அவ்வொலி கேட்ட கரீபிய மக்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து பின்தொடர்ந்தனர். எட்டாண்டுகளுக்கு முன்பு அஞ்சி ஒளிந்த தெருவில் அன்று ஆடி நடந்தனர்.

அந்த இசைக்கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. டிரினிடாடில் அடிமைத்தளையிலிருந்து 1838இல் முழு விடுதலை பெற்ற மக்கள், ஆண்டைகளின் கேளிக்கையாயிருந்த திருவிழாவைத் தெருவிழாவாக்கினர். 1880களில் அரசு தோல் முழவுகளுக்குத் தடை விதித்தது. மக்கள் மூங்கிலைத் தட்டினர். பின்னர்த் தகரத்தைத் தட்டினர். இறுதியில் வீசியெறியப்பட்ட எண்ணெய்ப் பீப்பாய்களிலிருந்து சுரங்களையே பிறப்பித்தனர். பறையை அறிந்த நமக்கு இதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ? ஊர்த் திருவிழாவில் நம் பறை முழங்க வேண்டும். தேர் மட்டும் நம் தெருவுக்கு வாராது. பிறர் விழாவுக்கு அடிக்கும் கை தன் விழாவுக்கு அடிக்கும்போதுதான் அது கலையாகிறது.

1973 முதல் 1975 வரை பொறுப்பேற்ற லெஸ்லி பால்மர், டிரினிடாடு மக்களுக்கே உரியதாயிருந்த விழாவில் மற்றத் தீவினரையும், ஜமைக்காவின் ஒலிபெருக்கிக் குழுக்களையும் சேர்த்தார். கூட்டம் பன்மடங்காயிற்று. 1976இல் சுமார் மூவாயிரம் காவலர் குவிக்கப்பட, இளைஞர்க்கும் காவலர்க்கும் பெரும் மோதல் மூண்டது. விழாவை ஒரு விளையாட்டரங்குக்குள் அடைத்துவிட வேண்டும் என்ற குரல் எழுந்தது. அதன் பின்னரும் பலமுறை எழுந்தது. மக்கள் இணங்கவில்லை. தெருவை விட்டுவிட்டால் எஞ்சுவது வெறும் நிகழ்ச்சி என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பெருந்தொற்றினால் 2020, 2021 ஆண்டுகளில் தெருவிழா நடைபெறவில்லை. 2022இல் மீண்டும் தெருவுக்கு வந்தது.

ஆகஸ்டு இறுதியில் இரண்டு நாள் நடக்கும் இவ்விழாவின் உண்மையான உழைப்பு பல திங்கள் முன்பே தொடங்குகிறது. ஒவ்வொரு வேடக்குழுவும் ஒரு கருப்பொருளைத் தேர்ந்தெடுக்கிறது. பெரும்பாலும் அது தம் மக்களின் வரலாறாகவோ நம்பிக்கையாகவோ இருக்கும். வேலை முடிந்த மாலைகளில் தன்னார்வலர்கள் கூடி வெட்டுகின்றனர், தைக்கின்றனர், ஒட்டுகின்றனர். பாட்டி ஊசி பிடிக்க, பேரன் கம்பி வளைக்கிறான். அங்கே தையலோடு வரலாறும் கற்பிக்கப்படுகிறது. அதுவும் ஒரு பள்ளியே. முதல் நாள் சிறுவர்க்கென முன்னுரிமை தரப்படுகிறது. ஊர்வலத்தைக் காக்க ஒவ்வொரு குழுவும் தொண்டர்களை நிறுத்துகிறது.

நாம் ஏப்ரல் 14 அன்று அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளைத் தெருவில் கொண்டாடுகிறோம். பந்தலும் ஒலிபெருக்கியும் மட்டும் அதனைத் திருவிழா ஆக்கிவிடா. நம் தெருப் பெண்களும் சிறுவரும் முன்கூட்டியே கூடி உழைக்கும் பணியாக அது மாற வேண்டும். வசூலித்த ஒவ்வொரு காசுக்கும் பொதுவில் கணக்கு வைக்க வேண்டும். மிச்சம் ஒரு மாணவரின் கட்டணமாகவோ வழக்கில் சிக்கியவரின் துணையாகவோ ஆக வேண்டும். கிளாடியா அம்மையார் காட்டிய வழி அதுவே. விழா முடிந்த இரவில் தெருவைப் பெருக்கும் வேலையும் முறைவைத்துப் பகிரப்பட வேண்டும். அது ஒரு சிலர் தலையில் மட்டும் விழுமாயின் நாம் எதிர்த்த முறையையே நம் தெருவில் நட்டவர்களாவோம்.

கல்வி வகுப்பறையில் தொடங்குகிறது. தெருவில் அது சோதிக்கப்படுகிறது. வெள்ளிவிழாக் காணும் நம் கழகத்தின் இளைஞர்கள் இவ்விரண்டையும் இணைத்துக் காட்டுவார்களாக!