கிரெப்: நான்கு எழுத்துக்குள் ஒரு கட்டளை

லினக்ஸ் டெர்மினலில் வேலை பார்ப்பவர்களின் விரல்களுக்கு நன்கு பழகிய பெயர் ‘கிரெப்’. அதை அடித்து, தேட வேண்டிய சொல்லையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால், அச்சொல் வருகிற வரிகளை மட்டும் பொறுக்கித் தரும். ஆங்கிலத்தில் ஜி, ஆர், ஈ, பி என நான்கே எழுத்து. கணினிக்கு வெளியே இந்தச் சொல்லுக்கு வேர் கிடையாது.

வேர் தெரியாத சொல்லுக்கு ஆளுக்கொரு வேர் கற்பிப்பது எல்லா மொழியிலும் உள்ள பழக்கம். ‘ஜெனரலைஸ்டு ரெகுலர் எக்ஸ்பிரஷன் பார்சர்’ என்று ஒரு விரிவு உலவுகிறது. ‘குளோபல் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பிரிண்ட்’ என்பது இன்னொன்று. வகுப்பறைகளில் பெரும்பாலும் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். முன்னது வெறும் ஊகம். பின்னது உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது, ஆனாலும் ஒன்றைத் தவறவிடுகிறது. தலைப்பெழுத்துச் சுருக்கம் என்றால் விரிந்த பெயர் முதலில் இருந்திருக்க வேண்டும். இந்தக் கருவிக்கு அப்படி நீண்ட பெயர் இருந்ததில்லை. ஒரு கட்டளை இருந்தது. அதில் இருந்த சாய்கோடுகளை உதிர்த்துவிட்டு, மிஞ்சியதையே பெயராக்கினார்கள்.

அந்தக் கட்டளை ‘ஈடி’ என்ற எடிட்டருக்கு உரியது. நியூ ஜெர்சி மாநிலம் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் யூனிக்ஸ் உருவானபோது, அதனுடன் கென் தாம்சன் எழுதிய எடிட்டர் அது. ஈடியில் ஒரு கட்டளைக்கு இரண்டு பகுதி: எந்த வரிகள், அவற்றை என்ன செய்வது. ஒன்றும் சொல்லாவிட்டால் அது நடப்பு வரியோடு நின்றுவிடும். முன்னால் ‘ஜி’ போட்டால் கோப்பு முழுவதையும் பார்க்கும். ‘குளோபல்’ என்பதன் முதலெழுத்து அது. அடுத்து இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே தேட வேண்டிய வடிவம். கடைசியில் ‘பி’. இப்படி அமைந்ததுதான் ஜி/ஆர்ஈ/பி. முழுக் கோப்பையும் பார், இந்த வடிவம் உள்ள வரிகளை அச்சிடு என்பது அதன் பொருள்.

பி என்றால் ‘பிரிண்ட்’. இன்று கிரெப் எதையும் அச்சிடுவதில்லை. திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் ஈடி பிறந்த காலத்தில் அந்தக் கணினிகளுக்கு முன்னால் இருந்தவை டெலிடைப் இயந்திரங்கள். கேட்ட வரி காகிதச் சுருளில் தடதடவென்று அடித்து வரும். பிரிண்ட் என்றால் நிஜமாகவே அச்சுதான். காகிதம் போய் அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. பி மட்டும் தங்கிவிட்டது.

நடுவில் நிற்கும் ‘ஆர்ஈ’தான் நான்கில் பழையது. ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்பதன் சுருக்கமான இது பிறந்த இடம் கணினித் துறையே இல்லை. 1943இல் மெக்கல்லோக், பிட்ஸ் என்ற இருவர் நரம்பணுக்களின் வலையைத் தர்க்கக் குறிகளால் விவரித்தார்கள். அந்த வலையால் எவற்றையெல்லாம் அடையாளம் காண முடியும் என்ற கேள்வியைக் கணித அறிஞர் ஸ்டீபன் கிளேனி 1951இல் ராண்ட் நிறுவனத்துக்காக ஆராய்ந்தார். அடையாளம் காணக்கூடியவற்றுக்கு அவர் இட்ட பெயர் ‘ரெகுலர் ஈவன்ட்ஸ்’. பெயரில் அவருக்கே முழுத் திருப்தி இல்லை. இன்னும் பொருத்தமான சொல் இருந்தால் யாராவது சொல்லலாம் என்று அந்த அறிக்கையிலேயே எழுதி வைத்தார். சொன்னவர் யாருமில்லை போலும், அரைமனதாக வைத்த ‘ரெகுலர்’ என்ற பெயரே நிலைத்தது; அத்தகையவற்றைக் குறிக்கும் வடிவம் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ ஆயிற்று.

நரம்பணுவில் தொடங்கிய கணிதத்தை எடிட்டருக்குள் கொண்டுவந்தவரும் தாம்சன்தான். கலிபோர்னியாவின் பெர்க்லியில் பட்லர் லாம்ப்சனும் பீட்டர் டாய்ச்சும் 1960களில் எழுதிய ‘கியூஈடி’ என்ற எடிட்டரை, ஐபிஎம் 7094 கணினிக்காக அவர் புதிதாக எழுதினார். மூலத்தில் இல்லாத ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேடலை அப்போது சேர்த்தார். அந்தத் தேடும் முறையை 1968இல் கட்டுரையாகவும் வெளியிட்டார். கியூஈடியைச் சுருக்கி எளிதாக்கியபோது கிடைத்தது ஈடி.

இனி, எடிட்டரின் கட்டளை தனிக்கருவியானது எப்படி? இதற்கு இரண்டு கதைகள் உண்டு. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பிரையன் கெர்னிகன் சொல்வது லீ மக்மேகன் என்ற சக ஆய்வாளரைப் பற்றியது. அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு ஆதரவு திரட்ட 1787–88இல் ஹாமில்டன், மாடிசன், ஜே மூவரும் ஒரே புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகளான ‘ஃபெடரலிஸ்ட் பேப்பர்ஸ்’ தொகுப்பில் எது யார் எழுதியது என்று சொற்களைக் கொண்டு ஆராய மக்மேகன் விரும்பினார். அத்தனை பெரிய கோப்பு அன்றைய சிறிய கணினியில் ஈடிக்குள் அடங்கவில்லை. கோப்பை முழுதாக ஏற்றிக்கொள்ளாமல் வரிவரியாகப் படித்துக்கொண்டே போகும் தேடல் தேவைப்பட்டது; அதற்காகத் தாம்சன் எழுதியதுதான் கிரெப்.

அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக் மெக்கில்ராய் சொல்வது வேறு. எடிட்டரின் தேடும் பகுதியைப் பிரித்துத் தனி நிரலாக்க முடியுமா என்று ஒருநாள் தாம்சனிடம் கேட்டாராம். மறுநாள் காலை கிரெப் தயார். பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டதற்கு, அது செய்கிற எடிட்டர் கட்டளைதான், இதில் விளக்க என்ன இருக்கிறது என்கிற தோரணையில் தாம்சன் பதில் சொன்னாராம். அவர் தம் சொந்த உபயோகத்துக்கு அப்படியொரு கருவியை முன்பே வைத்திருந்தார் என்றும், ஓர் இரவில் நடந்தது பழுது பார்த்ததும் பெயர் சூட்டியதும் மட்டுமே என்றும் பின்னர் தெரியவந்தது. எந்தக் கதையை ஏற்றாலும் பெயர்க் காரணம் ஒன்றே. 1973 நவம்பரில் வெளியான நான்காம் பதிப்பு யூனிக்ஸிலேயே கிரெப் இடம்பெற்றுவிட்டது.

அதே வார்ப்பில் இன்னொரு பெயரும் வந்திருக்கும். தேடிக் காட்டுவதற்குக் கிரெப் என்றால், தேடி மாற்றுவதற்கு ‘கிரெஸ்’ என்று ஒரு யோசனை எழுந்தது. கடைசி எழுத்து ‘எஸ்’, மாற்றுவதற்கான ஈடி கட்டளை. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு கருவி என்று போனால் முடிவே இராது என்று கண்ட மக்மேகன், எல்லாவற்றையும் ஒரே கருவியில் அடக்கினார். அதுதான் ‘செட்’. கிரெஸ் பிறக்காமலே போயிற்று.

கிரெப்பின் வம்சமோ பெருகியது. ஆல்ஃபிரட் ஆஹோ எழுதிய ஈகிரெப், எஃப்கிரெப் இரண்டும் பல ஆண்டுகள் உடன் இருந்தன. 2022இல் வந்த குனு கிரெப் 3.8 முதல், அவற்றை அழைத்தால் வழக்கொழிந்தவை என்று எச்சரிக்கை வருகிறது. பொருளும் விரிந்தது. பீகிரெப் தேடுவது கோப்பில் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பெயர்களில். பெர்ல் மொழியில் கிரெப் என்பது பட்டியலிலிருந்து வேண்டியவற்றைச் சலித்தெடுக்கும் செயல். அங்கே ஆர்ஈ கட்டாயமில்லை, பி அறவே இல்லை. கிரெப் என்ற சொல் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகவும் ஆகி, 2003இல் ஆக்ஸ்போர்டு அகராதியின் இணையப் பதிப்பில் இடம்பிடித்தது.

தமிழ்க் கோப்புகளில் தேடுவோருக்கு ஒரு குறிப்பு. ‘தமிழ்’ என்று கொடுத்தால் தமிழ், தமிழ்நாடு கிடைக்கும். தமிழர், தமிழில் கிடைக்காது. யூனிகோடில் ழ் என்பது ழ என்ற எழுத்தும் புள்ளியும் தனித்தனியாகச் சேர்ந்தது. ழி என்பது ழவும் இகரக் குறியும். புள்ளியை நீக்கித் ‘தமிழ’ என்று தேடினால் நான்கும் வரும். சொல்லைப் பார்க்காமல் எழுத்துக் குறிகளின் வரிசையையே பார்ப்பது கிளேனியின் கணிதம் விதித்த வழி.

அகராதியில் ஏறிய பிறகும் கிரெப்பின் மூலம் வழக்கொழியவில்லை. லினக்ஸில் இன்றும் ஈடி கிடைக்கிறது, இல்லாவிட்டால் நிறுவிக்கொள்ளலாம். ஒரு கோப்பை அதில் திறந்து, ஜி அடித்து, இரு சாய்கோடுகளுக்கு நடுவே நீங்கள் தேடும் சொல்லை வைத்து, பி அடியுங்கள். கிரெப் தருகிற அதே வரிகள் வரும். விரிவாக்கங்களை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு சோதனை பெயரை நன்றாக விளக்கிவிடும்.