ஒட்டுத்துணிக் குதிரை: மதீனாவின் வீடுகளிலிருந்து நம் கரிசல் மண் வரை



மல்லாங்கிணற்றில் நாம் நடத்திவரும் பெண்களுக்கான வார வகுப்பில், சென்ற ரமளானுக்கு முன் ஒரு தாய் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். விருதுநகர்க் கடைவீதியில் பஞ்சடைத்த கரடி பொம்மை ஒன்றைப் பார்த்து அவருடைய மகள் அழுதிருக்கிறாள். பட்டாசு ஆலைக்கு வேலைக்குச் செல்லும் அத்தாய்க்கு அதன் விலை இரண்டு நாள் கூலி. வாங்க இயலாமல் மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பியவர் நம்மிடம் இரண்டு கேள்விகளை வைத்தார். வீட்டில் கிடக்கும் பழைய துணியைக் கொண்டு அத்தகைய பொம்மையைத் தைத்துவிட முடியாதா? முடியும் என்றால், உயிரினத்தின் உருவத்தைத் தைத்துப் பிள்ளையின் கையில் கொடுப்பது மார்க்கத்தில் ஆகுமா?

இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிச் சென்றால் நாம் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். அது மதீனாவில், பள்ளிவாசலை ஒட்டியிருந்த ஒரு சிறு அறை.

திரைக்குப் பின்னால் இருந்த குதிரை

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ திரும்பியிருந்த நேரம். இரண்டில் எது என்பதில் அறிவிப்பாளருக்கே ஐயம் இருந்ததால், சுனன் அபூதாவூத் நூலில் இரண்டும் குறிப்பிடப்பட்டுள்ளன. கைபர்ப் போர் ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டிலும் தபூக் பயணம் ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டிலும் நடந்தவை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில் பொருள்கள் வைக்கும் மாடத்தின் மீது ஒரு திரை தொங்கியது. காற்று வீசி அதன் ஓரம் விலகியபோது உள்ளே இருந்த பொம்மைகள் தெரிந்தன. இவை என்ன என்று நபியவர்கள் வினவ, இவர்கள் என் மகள்கள் என்று அன்னையவர்கள் விடையளித்தார்கள்.

அப்பொம்மைகளின் நடுவே துணியால் செய்த ஒரு குதிரை நின்றது. அதற்கு இரண்டு சிறகுகள். குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் வியந்து கேட்டபோது, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அதைக் கேட்டு, கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது அச்சிரிப்போடு நிறுத்திவிடுவது நம் வழக்கம். அக்குதிரை எதனால் ஆனது என்பதையும் கவனிக்க வேண்டும். அறிவிப்பில் உள்ள அரபுச் சொல் ‘ரிகாஃ’. கிழிந்த ஆடைக்கு வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிகளையே அச்சொல் குறிக்கும். மாதக்கணக்கில் அடுப்பு எரியாமல் பேரீச்சம்பழமும் தண்ணீருமே உணவாக இருந்த வீடு அது. தம் ஆடையின் கிழிசலைத் தாமே தைத்துக்கொண்டவர்கள் நபியவர்கள். அவ்வீட்டில் புதுத் துணி வாங்கிப் பொம்மை செய்திருக்க வழியில்லை. மிஞ்சிய துணியே குதிரையாயிற்று. செய்தவரின் கற்பனை அதற்குச் சிறகையும் தந்தது.

பொம்மைகளை அன்னையவர்கள் ‘மகள்கள்’ என்று அழைத்ததும் கவனிக்கத்தக்கது. ‘பனாத்’ என்னும் அச்சொல்லே அக்கால அரபு வழக்கில் பெண் குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளையும் குறித்தது. நம் வீட்டுச் சிறுமியரும் பொம்மையைப் ‘பாப்பா’ என்றுதானே அழைக்கிறார்கள்!

அன்ஸாரிப் பெண்களின் கம்பளி பொம்மை

இரண்டாவது சான்று அன்ஸாரிகளின் வீடுகளிலிருந்து வருகிறது. ஆஷூரா நாளின் காலையில் நோன்பைப் பற்றிய அறிவிப்பு மதீனாவைச் சுற்றியிருந்த அன்ஸாரிகளின் ஊர்களுக்கு அனுப்பப்பட்டது. அதன்பின் தாங்களும் நோன்பு வைத்து, தம் சிறு பிள்ளைகளையும் வைக்கச் செய்ததாக ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பசித்து அழும் பிள்ளைக்குக் கம்பளியால் செய்த பொம்மையைக் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை விளையாட விடுவார்களாம். இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

இங்குள்ள சொல் ‘இஹ்ன்’. சாயமேற்றிய கம்பளி ரோமத்தை அது குறிக்கும். அல்காரிஆ அத்தியாயத்தில் மறுமை நாளின் மலைகளுக்கு உவமையாக வருவதும் இதே சொல்தான். ஆடு வளர்த்த அம்மக்களின் வீடுகளில் ரோமத்திற்குக் குறைவில்லை. நூற்றது போக மிஞ்சியதைத் தாய்மார் பொம்மையாக்கினார்கள். அதட்டி அடக்காமலும் அடிக்காமலும் பிள்ளைகளை வணக்கத்திற்குப் பழக்க அவர்கள் கண்ட வழி இது.

பஹ்னஸாவும் பக்தாதும்

துணி பொம்மை அரேபியாவுக்கு மட்டும் உரியதன்று. எகிப்தில் இன்று பஹ்னஸா என்று அழைக்கப்படும் ஊர், ரோமானியர் ஆட்சிக்காலத்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற நகரமாக விளங்கியது. அங்கே கிடைத்த துணி பொம்மை ஒன்று இன்று லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. முதல் ஐந்து நூற்றாண்டுகளுக்குள் செய்யப்பட்டது. மேலே சணல்நார்த் துணி. உள்ளே கந்தல் துணியும் பாப்பிரஸ் தாளும் அடைக்கப்பட்டுள்ளன. கழித்துப்போட்டவற்றைக் கொண்டே அந்தத் தாயும் தன் பிள்ளைக்குப் பொம்மை செய்திருக்கிறாள்.

பின்னர் அப்பாஸிய கலீஃபாக்களின் பக்தாதுக்கு வருவோம். கலீஃபா முக்ததிரின் ஆட்சியில் (கி.பி. 908–932) ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் அபூ ஸஈத் அல்இஸ்தக்ரீ (ரஹ்) நகரின் முஹ்தஸிபாக, அதாவது சந்தைகளையும் பொது ஒழுக்கத்தையும் கண்காணிக்கும் அதிகாரியாக, நியமிக்கப்பட்டார். மது காய்ச்சப் பயன்பட்ட பொருளை விற்ற கடைத்தெருவை அவர் மூடினார். பொம்மைகள் விற்ற கடைத்தெருவை மூடவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபியவர்களின் கண்முன்னே பொம்மைகளோடு விளையாடியதும் நபியவர்கள் அதை மறுக்காததுமே அவர் காட்டிய ஆதாரம். இமாம் மாவர்தீ (ரஹ்) தம் ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ நூலில் இதைப் பதிவு செய்துள்ளார். மதீனாவின் ஒரு சிறு அறையில் எழுந்த சிரிப்பு, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு தலைநகரின் கடைத்தெருவைக் காத்தது.

கடைவீதிக் கரடியின் பிறப்பு

அச்சிறுமி கேட்டு அழுத கரடி பொம்மைக்கு வயது நூற்றிருபது ஆண்டுகளுக்குச் சற்றே மேல்தான். ஜெர்மனியின் கீங்கன் ஊரில் மார்கரெட் ஸ்டைஃப் என்ற தையற்காரப் பெண் வாழ்ந்தார். குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்தவர், வலக்கையும் வலுவற்றது. 1880-இல் அவர் கம்பளித் துணியால் சிறு யானைகளைத் தைத்தார். அவை ஊசி செருகி வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. பிள்ளைகளோ அவற்றை எடுத்து விளையாடத் தொடங்கினர். அங்கிருந்தே அவருடைய பொம்மைத் தொழில் வளர்ந்தது.

1902 நவம்பரில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், வேட்டையின்போது கட்டிவைக்கப்பட்டிருந்த ஒரு கரடியைச் சுட மறுத்தார். அதைப் பற்றிய கேலிச்சித்திரத்தைப் பார்த்து, புரூக்ளினில் மிட்டாய்க் கடை நடத்திய மோரிஸ் மிக்டம், ரோஸ் தம்பதியர் கரடி பொம்மை ஒன்றைத் தைத்துக் கடையில் வைத்தனர். ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயரான ‘டெடி’ அதற்குப் பெயராயிற்று. அதே காலத்தில் ஸ்டைஃப் குடும்பத்தாரும் கரடி பொம்மையைச் செய்தனர். இன்று ஆலைகளில் ஆயிரக்கணக்கில் உருவாகும் அப்பொம்மையின் தொடக்கமும் வீட்டுப் பெண்களின் ஊசியும் நூலும்தான்.

நம் மண்ணில் விளையாடாத பிள்ளைகள்

இனி நம் ஊருக்கு வருவோம். நம்முடையது கரிசல் பூமி. பருத்தி விளைந்த மண். விருதுநகரில் பருத்தி வணிகம் செழித்தது. அருப்புக்கோட்டையில் தறி ஓடியது. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யப்படுகிறது. பஞ்சுக்கும் துணிக்கும் நாம் பஞ்சப்பட்டதில்லை. ஆயினும் இம்மண்ணில் இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகள் பொம்மையைத் தொடாமலேயே வளர்ந்தார்கள்.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, 1923-இல் சிவகாசியில் அதைத் தொடங்கினர். மழை பொய்த்த வட்டாரத்திற்கு அத்தொழில் சோறு போட்டது. பின்னர் வந்த பட்டாசும் அச்சும் சேர்ந்து ‘குட்டி ஜப்பான்’ என்ற பெயரைத் தந்தன. அந்நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறு விரல்கள் தேடப்பட்டன. விடியுமுன்னே ஆலை வண்டிகள் ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளை ஏற்றி வந்தன. இப்பகுதியில் ஏறத்தாழ 45,000 பிள்ளைகள் உழைக்கிறார்கள் என்று ஸ்மிது கோத்தாரி 1983-இல் எழுதிய கட்டுரை நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

1986-ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டோரைத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் அமர்த்தத் தடை விதித்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், பணியில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்று நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

நம் வகுப்பிற்கு வரும் மூத்த பெண்களில் சிலர் அந்நாளில் அவ்வண்டிகளில் ஏறியவர்கள். சிறகுள்ள குதிரையின் ஹதீஸை விளக்கிய அன்று, அவர்களில் ஒருவர், தம் சிறு வயதில் கையில் இருந்ததெல்லாம் பசையும் பெட்டி அட்டையும்தான் என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று நம்மில் பலர் இன்றும் கேட்கிறோம். படிப்பும் ஓதலும் போதும் என்று எண்ணுகிறோம். நபியவர்களோ, தம்மைக் கண்டு ஒளிந்துகொண்ட சிறுமியரை மீண்டும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் விளையாட அனுப்பிவைத்தார்கள் என்று புகாரியில் காண்கிறோம்.

மார்க்கத்தில் ஆகுமா?

உருவங்களைப் பற்றிய கண்டிப்பான ஹதீஸ்கள் இருப்பதை நாம் அறிவோம். அப்படியிருந்தும் சிறுமியரின் பொம்மைகளுக்குப் பெரும்பான்மை அறிஞர்கள் விலக்களித்துள்ளனர். பொம்மைகளை விற்பதையும் அவர்கள் அனுமதித்ததாகக் காழீ இயாழ் (ரஹ்) கூறியதை, இப்னு ஹஜர் (ரஹ்) ‘ஃபத்ஹுல் பாரீ’யில் எடுத்துக்காட்டுகிறார். பிள்ளை வளர்ப்புக்கும் இல்லறத்திற்கும் சிறுமியர் பழகுவதே அவர்கள் சொன்ன காரணம். இவ்வனுமதி பின்னர் மாற்றப்பட்டுவிட்டது என்று கருதிய அறிஞர்களும் உண்டு. பேணுதலை விரும்புவோர் கண், மூக்கு, வாய் இல்லாமல் தைக்கலாம். துணி பொம்மைக்கு அது ஒரு குறையன்று. முகத்தைப் பிள்ளையே கற்பனை செய்துகொள்ளும். அலங்காரத்திற்காகச் சிலைகளை வைப்பதற்கும் பிள்ளையின் கையில் கசங்கும் பொம்மைக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

காசில்லாமல் ஒரு குதிரை

அவ்வகுப்பின் பெண்கள் தைத்த முறையை இங்கே தருகிறோம். துணிக்கு நைந்த பருத்திப் புடவை, சிறுத்துப்போன சட்டை, தையல் கடையில் கழிக்கும் வெட்டுத்துணி ஆகியவை போதும். அடைப்பதற்குப் பழைய தலையணையின் பஞ்சைப் பிரித்து வெயிலில் உலர்த்திப் பயன்படுத்தலாம். இலவம்பஞ்சு பறக்கும் இயல்புடையது, எளிதில் தீப்பிடிக்கும். அதை உள்ளே ஒரு தனிப் பையில் அடைத்துத் தைத்தபின் பொம்மைக்குள் வைத்து, பொம்மையை அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் விடாதீர்கள். பஞ்சே இல்லையெனில் துணியைப் பொடிப்பொடியாக நறுக்கி அடைக்கலாம். எகிப்தியத் தாய் செய்ததும் அதுதான்.

குதிரையின் பக்கவாட்டு வடிவத்தைப் பழைய செய்தித்தாளில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். துணியை இரண்டாக மடித்து, அத்தாளை வைத்துக் கோடிட்டு, கோட்டுக்கு வெளியே அரை விரல் இடம் விட்டு வெட்டுங்கள். நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு வைத்து நெருக்கமாகப் பின்தையல் போட்டு, வயிற்றுப் பகுதியில் இரண்டு விரல் நுழையும் வாயை மட்டும் விட்டுவிடுங்கள். பிறகு வெளிப்புறமாகத் திருப்பி, கால்களிலும் கழுத்திலும் முதலில் இறுக்கமாக அடைத்து, கடைசியில் உடலை நிரப்பி வாயைத் தைத்துவிடுங்கள். பிடரிக்கும் வாலுக்கும் கம்பளி நூலை உறுதியாகக் கோத்துத் தைக்கலாம். சிறகுகளைத் தனியே வெட்டி முதுகில் பொருத்துங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மையில் பொத்தான், மணி, பாசி எதையும் தைக்காதீர்கள். பிய்ந்து தொண்டைக்குள் போய்விடும். கண் வேண்டுமெனில் நூலால் வேலைப்பாடு செய்யுங்கள். அடுத்தது நம் வட்டாரத்திற்கே உரியது. பட்டாசு, தீப்பெட்டி ஆலை வேலைக்கு உடுத்திய துணியைத் துவைத்திருந்தாலும் பொம்மைக்குப் பயன்படுத்தாதீர்கள். மருந்துத்தூள் நூலிழைகளில் தங்கியிருக்கக்கூடும். பிள்ளையோ பொம்மையை வாயில் வைக்கும்.

கேள்வி கேட்ட தாய் தம் மகளுக்காகப் பச்சைப் புடவைத் துண்டில் ஒரு குதிரை தைத்தார். ரமளானில் அச்சிறுமி முதன்முதலாக அரை நாள் நோன்பு வைத்தபோது அது அவள் மடியில் இருந்ததாகச் சொன்னார். பசையும் அட்டையுமே கண்டதாகச் சொன்ன மூத்த பெண்ணும் ஒன்று தைத்தார். பேத்திக்கா என்று நாம் கேட்டோம். பேத்திக்கு வேறொன்று தைத்துக்கொள்வதாகக் கூறி, அதைத் தம் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நம் பிள்ளைகளுக்கு விளையாடும் காலத்தில் விளையாட்டையும், ஓதும் காலத்தில் ஓதலையும், உழைக்கும் காலத்தில் ஹலாலான உழைப்பையும் அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.