அனுபவம் கற்றுத்தராத பேச்சு: இறுதிக்கால உரையாடலும் மருத்துவரின் தன்னம்பிக்கையும், 1961–2019

இனி மீள வழியில்லாத நோயாளியிடம் அதைப் பற்றி வாய்திறந்து பேசும் தைரியம் மருத்துவருக்கு எங்கிருந்து வருகிறது? வருடங்கள் போகப்போகத் தானாக வந்துவிடும் என்பது மருத்துவத் தொழிலின் நெடுநாளைய நம்பிக்கை. மூத்தவர் பேசுவதை இளையவர் பார்த்துப் பழகுவார்; பல சாவுகளைக் கண்ட பிறகு நாக்கு தயங்காது. ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சுமார் அறுபது ஆண்டுகளில் வெளிவந்த முக்கிய ஆய்வுகளைக் கால வரிசையில் படிக்கும்போது இந்த நம்பிக்கைக்கு எங்கும் ஆதாரம் கிடைப்பதில்லை. அனுபவத்தால் வருவது பழக்கம் மட்டுமே. திறமைக்குப் பயிற்சி வேண்டும். அந்தத் திறமை நோயாளியின் கட்டில்வரை போய்ச்சேர மருத்துவமனையின் அன்றாட ஏற்பாடுகளும் மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847இல் வகுத்த நெறிமுறை, நோயாளியின் மனத்தைச் சோர்வடையச் செய்யும் கணிப்புகளைச் சொல்ல மருத்துவர் முந்திக்கொள்ளக் கூடாது என்றது. உண்மையிலேயே ஆபத்து நேரும்போது நோயாளிக்கு வேண்டியவர்களிடம் தெரிவிக்கச் சொன்னது. நூறாண்டுக்கு மேலாகியும் இந்த மனப்போக்கு மாறவில்லை. 1961இல் டொனால்ட் ஓக்கன் சிகாகோவின் மைக்கேல் ரீஸ் மருத்துவமனையில் 219 மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதையே விரும்பினர். இந்த எண்ணைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதைவிட முக்கியமானது அவர்கள் சொன்ன காரணம். தங்கள் மருத்துவ அனுபவமே இதைக் கற்றுத்தந்தது என்றார்கள் பெரும்பாலோர். ஓக்கன் துருவிக் கேட்டபோது, அவர்களில் பலர் வேறுவிதமாகச் செய்து பார்த்ததே இல்லை என்று தெரிந்தது. உணர்ச்சியின் வழியே முன்கூட்டி எடுத்துவிட்ட முடிவுக்கு அனுபவம் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். 1979இல் வெளியான ரோச்செஸ்டர் ஆய்வில் அதே கேள்விகளை மீண்டும் கேட்டபோது 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்பினர். ஒரு தொழிலின் கருத்து பதினெட்டே ஆண்டுகளில் இப்படித் தலைகீழானது அபூர்வம்.

இந்த இடைவெளியில் நடந்தவை நன்கு அறியப்பட்டவை. பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1965இல் எழுதிய நூல், நோயாளியும் ஊழியர்களும் உண்மை தெரிந்தே தெரியாததுபோல் நடிக்கும் நிலையை வகைப்படுத்திக் காட்டியது. 1967இல் சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கினார். 1969இல் சாகும் நிலையிலிருப்போர் பற்றி எலிசபெத் கூப்ளர்-ராஸ் எழுதிய நூல் வந்தது. சொல்ல வேண்டும் என்ற மனம் வந்துவிட்டது; சொல்லத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் குறையை அம்பலப்படுத்தியது 1995இல் வெளியான ‘சப்போர்ட்’ ஆய்வு. ஐந்து அமெரிக்க மருத்துவமனைகளில் கடுமையாக நோயுற்ற 9,105 பேரைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வின் முதல் கட்டத்தில், இதயம் நின்றால் உயிர்ப்பிக்கும் முயற்சி வேண்டாம் என்று நோயாளி விரும்பியதை அறிந்திருந்த மருத்துவர்கள் 47 விழுக்காடுதான். இரண்டாம் கட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியரை நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே தூதராக அமர்த்தினார்கள். உயிர்பிழைக்கும் வாய்ப்பின் கணிப்புகளை மருத்துவரிடம் கொடுத்தார்கள். நிலைமை மாறவில்லை. தகவல் போதாமை அல்ல பிரச்சினை என்பது அன்றே தெளிவாகியிருக்க வேண்டும்.

அனுபவம் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையை நேரடியாகச் சோதித்தவர் பிரிட்டனின் லெஸ்லி ஃபாலோஃபீல்டு. மூத்த புற்றுநோய் மருத்துவர்களின் பேச்சுச் சிக்கல்கள் காலத்தாலோ பணி அனுபவத்தாலோ தீர்வதில்லை என்பது அவருடைய முடிவு. 34 புற்றுநோய் மையங்களைச் சேர்ந்த 160 மருத்துவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து அவர் குழு நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. மூன்று நாள் பயிற்சியில் ஒரு பிரிவினர் ஒத்திகை பார்த்தார்கள், திருத்தப்பட்டார்கள். அதன் பிறகு நோயாளியிடம் அவர்கள் கேட்கும் கேள்விகளின் தன்மை மாறியது. இன்னொரு பிரிவினருக்கு எழுத்தில் கருத்துரை மட்டும் அனுப்பியதால் குறிப்பிடும்படி பயனில்லை. ஓராண்டுக்குப் பிறகும் பெரும்பாலான மாற்றங்கள் நிலைத்தன. பரிவை வெளிப்படுத்துவது மட்டும் குறைந்துபோனது. வார்டின் அவசரத்தில் முதலில் உதிர்வது பரிவுதான் போலும்.

இதற்கு வலுவான மறுப்பு 2013இல் வந்தது. ஜே. ராண்டல் கர்ட்டிஸ் குழுவினர் பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எட்டு அமர்வுகளில், நோயாளியாக நடிப்பவர்களைக் கொண்டு பயிற்சி அளித்தார்கள். உண்மையான நோயாளிகளோ பேச்சின் தரம் உயர்ந்ததாகச் சொல்லவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் சிகிச்சை பெற்றோரிடையே மனச்சோர்வு சற்றுக் கூடுதலாகவும் இருந்தது. அப்படியானால் பயிற்சியே வீணா? இறுதிக்காலம் பற்றிப் பேசிய நோயாளிகளிடம் மனச்சோர்வு அதிகமில்லை, தீவிர சிகிச்சைகள் குறைவு என்று 2008இல் 332 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு காட்டியிருந்தது. ஆனால் அது குலுக்கல் முறை ஆய்வல்ல; மனவலிமை உள்ளவர்களே பேச முன்வந்திருக்கலாம். எனவே கர்ட்டிஸின் முடிவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு: பயிற்சிக்கூடத்தில் பெற்ற தன்னம்பிக்கை அங்கேயே நின்றுவிட்டது. பாஸ்டனின் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தில் நடந்த மற்றோர் ஆய்வில் பயிற்சி சில மணி நேரமே. ஆனால் அதோடு கேட்க வேண்டிய கேள்விகளின் கையேடு, நினைவூட்டல், தொடர் வழிகாட்டல், மருத்துவப் பதிவேட்டில் தனி இடம் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். 2019இல் வெளியான முடிவுகளின்படி, அங்கே பதிவான முதல் உரையாடல் மரணத்துக்கு 143 நாட்கள் முன்பு நடந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 71 நாட்கள். இவை இடைநிலை அளவுகள். முதன்மை இலக்குகளில் அந்த ஆய்வும் வெற்றி பெறவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நோயாளிகளின் பதற்றம் குறைந்திருந்தது.

நம் ஊரில் இது செல்லாது, வீட்டாரே “அவரிடம் சொல்லாதீர்கள்” என்று டாக்டரைக் கேட்டுக்கொள்கிறார்களே என்பது இந்திய வாசகர் எழுப்பக்கூடிய ஆட்சேபம். நோயாளியை விட்டுவிட்டு அவருக்கு வேண்டியவர்களிடம் சொல்லும் வழக்கம் 1847இன் அமெரிக்க நெறிமுறையிலேயே இருந்தது. அதை நமக்கே உரிய பண்பாடு என்று சொல்வதற்கில்லை. குடும்பத்தின் கோரிக்கையை மதித்தபடியே நோயாளி எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்பதும் பயின்று பெறும் திறமைதான். சட்டமும் இப்போது இதற்கு வழிவகுக்கிறது. தன் இறுதிச் சிகிச்சை எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்று, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. மருத்துவர் பேச்சைத் தொடங்காவிட்டால் அந்த உரிமை ஏட்டோடு நிற்கும். 2019இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ‘ஏட்காம்’ என்ற பெயரில் உரையாடல் பயிற்சி சேர்ந்திருப்பது நல்ல தொடக்கம். ஆனால் அந்த மாணவர் மருத்துவராகி வார்டுக்குள் நுழையும்போது, நோயாளியுடன் உட்கார்ந்து பேசத் தனியறையும் நேரமும், கூட இருந்து திருத்தும் மூத்தவரும் கிடைக்க வேண்டும். அந்த ஏற்பாடு மருத்துவமனை நிர்வாகத்தின் பொறுப்பு.