“வீட்டோட மாப்பிள்ளை”: கீழக்கரை சொல்லும் வேற கதை

1/ ஒருத்தரை “வீட்டோட மாப்பிள்ளை”ன்னு சொன்னா நம்ம ஊர்ப்பக்கம் அது கிண்டல். ஆனா ராமநாதபுரம் கடற்கரையில இருக்கிற கீழக்கரை மரைக்காயர் குடும்பங்கள்ல தலைமுறை தலைமுறையா அதுதான் வழக்கம். கல்யாணம் ஆனதும் பொண்ணு புகுந்த வீட்டுக்குப் போறதில்ல. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வர்றார். கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/ மரைக்காயர்கள் கடல் வணிகர்கள். உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி, 17ஆம் நூற்றாண்டில் இதே கீழக்கரையில் வாழ்ந்த வணிகர்தான். கப்பல் ஏறின ஆம்பளை திரும்பி வர மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் மனைவி யாரோட இருந்தா நல்லது? பெத்த அம்மா, கூடப்பிறந்த அக்கா தங்கச்சியோட. இந்த வழக்கத்துக்குச் சொல்லப்படுற முக்கியமான காரணம் இதுதான்.

3/ மத்த ஊர்கள்ல பொண்ணு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, சில மாசத்துல திரும்பிடுவா. கைக்குழந்தையோட தூக்கமில்லாம, மனசு சோர்ந்து வர்ற தாய்மார்களை நாங்க டாக்டர்கள் அடிக்கடி பார்க்கிறோம். அப்போ பக்கத்துல அம்மா இருக்கிறது பெரிய மருந்து. கீழக்கரைப் பொண்ணுக்கு அந்தத் துணை எப்பவும் வீட்டிலேயே இருக்கு.

4/ இது மதம் சார்ந்த வழக்கம் மட்டும்தானா? இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பகுதியில் இந்துத் தமிழர், முஸ்லிம்கள் ரெண்டு தரப்பிலும் இது உண்டு. அங்கே பல வருஷம் ஆய்வு செஞ்ச மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவா எழுதியிருக்கார். நம்ம காயல்பட்டினத்திலும் இதே கதைதான்.

5/ இதுல முக்கியமான விஷயம், வீடு. கல்யாணத்தை ஒட்டியே மகளுக்கு வீட்டைக் கொடுத்துடுவாங்க. தமிழ்நாட்டில் இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு சட்டமானதே 1989இல்தான்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

6/ சொத்து கையில இருந்தா என்ன மாறும்? திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டா, பினா அகர்வால் ஆய்வு செஞ்சு 2005இல் வெளியிட்டாங்க. நிலமோ வீடோ இல்லாத பெண்கள்ல 49% பேர் கணவர்கிட்ட அடி வாங்கியிருந்தாங்க. ரெண்டும் சொந்தமா இருந்தவங்கள்ல 7% பேர். அடிச்சா “வெளியே போ”ன்னு சொல்ல, வீடு அவ பேர்ல இருக்கணும் இல்லையா!

7/ எல்லாம் நல்லதுன்னு சொல்ல மாட்டேன். மூணு பொண்ணு பெத்தவர் மூணு வீட்டுக்கு எங்கே போவார்? அண்ணன் தம்பிகள் வெளிநாட்டில் உழைச்சு அனுப்பணும். வீடு கொடுக்க முடியாத குடும்பத்துக்கு இது வரதட்சணைச் சுமையேதான். அன்பா கொடுக்கிறதும் கேட்டு வாங்குறதும் ஒண்ணு இல்ல.

8/ மாப்பிள்ளை எந்த வீட்டில் இருக்கணும்ங்கிறது உங்க இஷ்டம். ஆனா மகளுக்குன்னு எதைக் கொடுத்தாலும் அவ பேர்லயே பதிவு பண்ணிக் கொடுங்க. கல்யாணமாகிப் போன பொண்ணு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டினாலும், “ஏன் வந்தே?”ன்னு கேட்காம திறங்க. கீழக்கரை வழக்கத்திலிருந்து நாம எடுத்துக்க வேண்டியது அதுதான்.