ஆட்டு மூளையும் பதினான்கு ஊசிகளும்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்னும் பேச்சு இன்றும் நம்மிடையே வழங்கி வருகிறது. அந்த ஊசியைக் கண்ணால் கண்டிராத இளந்தலைமுறையினரும் அதைச் சொல்லியே பிள்ளைகளை அச்சுறுத்துகின்றனர். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரக்குப்பத்தில் கருவாடு காயும் இடமெல்லாம் நாய்களும் உண்டு. எனவே இப்பேச்சுக்கு இங்கே அழுத்தம் கூடுதல். ஆனால் அந்த ஊசிக்குள் இருந்தது என்னவென்று நம்மில் பலர் அறிந்ததில்லை. அது ஆட்டின் மூளை.

2022-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்தில் பன்றியின் இதயம் ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டபோது, விலங்கின் உறுப்பு மனித உடலுக்குள் புகலாமா என்று பலரும் வினவினர். திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1956 மே மாதத்திலேயே இதற்கு ஒரு விடை கூறியிருந்தார். விலங்கின் கருவிழியை மனிதருக்குப் பொருத்துவது உடலியல்படி இயலுமானால், அறநெறி அதற்குத் தடையாகாது என்பது அவர் கருத்து. விலங்கின் பாலினச் சுரப்பிகளைப் பொருத்துவதை மட்டும் அவர் மறுத்தார். அவர் இவ்வாறு பேசுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நம் நாட்டு ஏழைகளின் வயிற்றில் ஆட்டு மூளை ஏறத் தொடங்கிவிட்டது.

பாரிசில் லூயி பாஸ்டர் 1885 ஜூலையில் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு, நோயுற்ற முயலின் உலர்த்திய தண்டுவடத்தைக் கொண்டு முதன்முதலில் மருத்துவம் செய்தார். இந்தியாவில் அம்முறைக்கான நிலையம் 1900-இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் தோன்றியது. சென்னை மாகாணத்தில் கடிபட்டவர் அவ்வளவு தொலைவும் இரயிலேறிச் செல்ல வேண்டும். செல்ல வசதியற்றவர் கதியை எவரும் எழுதி வைக்கவில்லை. 1902-இல் குன்னூரில் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலப் பெண்மணி வெறிநோயால் இறந்த பின்னரே தென்னாட்டுக்கும் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. எஃகுத் தொழிலில் கார்னெகியின் கூட்டாளியாயிருந்த ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடையிலிருந்து ஓர் இலட்சம் ரூபாய் கிடைக்க, 1907 ஏப்ரலில் குன்னூர் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது.

கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் வகுத்த முறை இது: ஆட்டின் மூளைக்குள் நோய்க்கிருமியைச் செலுத்துவர்; ஆடு நோயுற்றதும் அதைக் கொன்று மூளையை எடுத்து அரைப்பர்; கார்பாலிக் அமிலம் சேர்த்துக் கிருமியைச் செயலிழக்கச் செய்வர். செய்வதற்கு எளிது, செலவும் குறைவு. வெறிநோய் முற்றியபின் பிழைப்பவர் அநேகமாக இல்லை எனும்போது, அந்நாளில் இது பெருங்கொடையே. எத்தனை குடும்பங்களைக் காத்திருக்கும்!

ஆயினும் அதில் ஒரு தீங்கு மறைந்திருந்தது. ஆட்டு மூளையின் நரம்புறைப் பொருளை எதிர்க்கப் புறப்பட்ட உடல், சிலரில் தன் சொந்த நரம்புகளையே தாக்கியது. கைகால்கள் செயலிழந்தோரும் உண்டு, மாண்டோரும் உண்டு. உயிரணு வளர்ப்பில் உருவான தூய தடுப்பூசிகள் வந்ததும், நரம்புத்திசு மருந்தைக் கைவிடுமாறு உலக நலவாழ்வு நிறுவனம் 1980-களிலேயே அறிவுறுத்தியது. நம் நாட்டில் அது 2004 இறுதியில்தான் முடிவுற்றது.

இடைப்பட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகளை நாம் எளிதில் கடந்துவிட முடியாது. பணமுள்ளவர் மருந்துக்கடையில் புதிய மருந்தை வாங்கி, ஐந்தே ஊசிகளைத் தோளில் போட்டுக்கொண்டார். இல்லாதவர் விடியலில் பேருந்தேறி, அரசு மருத்துவமனை வரிசையில் நின்று, நாள்தோறும் வயிற்றைக் காட்டினார். கடலுக்குப் போகாத நாளுக்குப் பங்கு கிடையாது. ஆகவே பாதியில் நிறுத்தியோர் உண்டு. விலங்கின் திசுவை ஏற்பது தகுமா என்று கற்றோர் வாதிட்டனர். தீங்கு தெரிந்த பின்னும் அதை யாருக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பதைக் கேட்டவர் சிலரே. ஆட்டைக் குறைகூற நமக்கு மனமில்லை.

2006-இல் தோலுக்குள் சிறிதளவே செலுத்தும் முறைக்கு நம் நாட்டில் ஒப்புதல் கிடைத்தது. இரு கைகளிலும் 0.1 மி.லி. வீதம், நான்கு நாள்கள் போதும். ஒரே புட்டி மருந்து பலருக்குப் பயன்பட, விலையுயர்ந்த ஊசி ஏழைக்கும் எட்டியது. விலங்குகள் இதிலிருந்து விலகிவிட்டன என்று எண்ண வேண்டாம். இப்போதைய தடுப்பூசிகளுள் ஒருவகை வளர்வது, 1962-இல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து இன்றுவரை பெருக்கிவரும் உயிரணுக்களில். இன்னொரு வகை வளர்வது கோழிக்கருவின் உயிரணுக்களில். ஆழக் கடிபட்டவரின் காயத்தைச் சுற்றிச் செலுத்தும் சீரம் பெரும்பாலும் குதிரைக் குருதியிலிருந்து வருகிறது. கடிபட்ட நாளே அது வேண்டும். அதற்கு முன், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவ வேண்டும்.